மூடுவதா, திறந்து வைப்பதா, முகத்தை மறைப்பதா? 1918-இல் ஒரு நகரத்தின் முன்னிருந்த வழிகள்

2020 மார்ச் மாதம், ஊரடங்கு தொடங்கிய நாட்களில், ஒரு வரைபடம் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருந்தது. அதில் இரண்டே கோடுகள். ஒன்று பனைமரம்போல் நெட்டுக்குத்தாக ஏறி அதே வேகத்தில் இறங்கியது. மற்றொன்று வயல் வரப்புபோல் தாழ்ந்து நீண்டு கிடந்தது. பனைமரம் பிலடெல்பியா, வரப்பு செயின்ட் லூயிஸ். 1918-இன் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் அந்த இரண்டு அமெரிக்க நகரங்களிலும் வாராவாரம் விழுந்த சாவுகளின் கணக்கு அது. முதல் நகரம் ஊர்வலம் நடத்தியது, இரண்டாவது நகரம் ஊரை மூடியது, ஆகவே மூடுங்கள் என்பது படத்தின் செய்தி.

படம் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு முடிவெடுக்கப் போகிறவருக்கு அது போதாது. பிலடெல்பியாவும் மூடியது, பள்ளி, தேவாலயம், திரையரங்கு, மதுக்கடை எல்லாவற்றையும் மூடியது. செயின்ட் லூயிஸின் வரப்பும் டிசம்பரில் மேடாகப் புடைத்தது. பள்ளிகளை மூடவே மாட்டேன் என்று அடம்பிடித்த நியூயார்க், பிலடெல்பியாவைவிட எவ்வளவோ தேவலையாகத் தப்பியது. முகக்கவசத்தைச் சட்டமாக்கிய சான் பிரான்சிஸ்கோ அப்படித் தப்பவில்லை. 1918 அக்டோபரில் ஒரு நகர சுகாதார ஆணையரின் நாற்காலியில் என்னை உட்கார வைத்தால் இவற்றில் எதை எடுப்பேன்? அதற்காகப் போட்டுப் பார்த்த கணக்குதான் இது.

மேசையில் என்ன இருந்தது

நோயை உண்டாக்குவது வைரஸ் என்றே அப்போது தெரியாது. மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல்தான். 1892-இல் பைஃபர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாதான் குற்றவாளி என்று பெரும்பாலோர் நம்பினார்கள். அதற்கு எதிராகவே பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் அவசர அவசரமாகத் தடுப்பூசி தயாரித்தார்கள். திருடியவன் ஒருவன், விலங்கு இன்னொருவன் கையில். பெனிசிலின் கிடையாது. காய்ச்சல் நிமோனியாவாக முற்றினால் ஆஸ்பிரின், கஞ்சி, கம்பளி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவ்வளவுதான். அந்த ஆளுக்கும் பஞ்சம். முதல் உலகப் போர் மருத்துவர்களிலும் நர்சுகளிலும் பலரைப் படைப் பணிக்குக் கொண்டுபோயிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண ஃப்ளூ கிழவரையும் கைக்குழந்தையையும் கொண்டுபோகும். இந்தக் காய்ச்சலோ 20 முதல் 40 வயதுக்காரர்களைத் தேடிப் பிடித்தது. செத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த வயதினர். சம்பாதிப்பவரும் பிள்ளைகளைப் பார்ப்பவரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

ஆக, குணப்படுத்துவது என்ற வழியே இந்த ஒப்பீட்டுக்குள் வராது. மிச்சம் இருந்தவை எல்லாம் மனிதரை மனிதரிடமிருந்து விலக்கி வைக்கும் வழிகள்தாம்.

பிலடெல்பியா: பொறுத்துப் பார்க்கலாம்

1918-இன் பிலடெல்பியா, போரால் பிதுங்கிக்கொண்டிருந்த ஊர். மக்கள் 17 லட்சத்துக்கு மேல். ஹாக் ஐலண்டில் பிரம்மாண்டமான கப்பல் கட்டும் தளம், அதைத் தவிரக் கடற்படைத் தளம், அங்கெல்லாம் வேலை தேடி வந்து குவிந்த குடும்பங்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி பாஸ்டனிலிருந்து சுமார் 300 மாலுமிகள் கடற்படைத் தளத்துக்கு வந்து இறங்கினார்கள். பாஸ்டனில் அப்போதே நோய் ஆடிக்கொண்டிருந்தது. சில நாட்களில் தளத்தில் நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள். 17-ஆம் தேதி நகர மக்களிடையே முதல் நோயாளிகள் பதிவானார்கள்.

பொதுச் சுகாதாரத் துறையின் தலைவர் வில்மர் குரூசன், தொழிலால் மகப்பேறு மருத்துவர், அரசியல் நியமனத்தால் அதிகாரி. கெட்டவர் என்று யாரும் எழுதவில்லை. இது வழக்கமான காய்ச்சல்தான், கட்டுக்குள் இருக்கிறது என்றார். செப்டம்பர் 28-ஆம் தேதி நாடு முழுவதும் நான்காவது போர்க்கடன் பத்திர விற்பனை தொடங்கும் நாள். ஊருக்கு ஊர் எவ்வளவு பத்திரம் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். பத்திரம் விற்க அன்று நடக்க இருந்த ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று சில மருத்துவர்கள் சொன்னார்கள். போர்க்காலத்தில் மக்களின் மன உறுதியைக் குலைக்கும் எதையும் சொல்வது தேசத் துரோகம்போல் பார்க்கப்பட்டது. பத்திரிகைகளும் அடக்கியே வாசித்தன. ஊர்வலம் நடந்தது. பிராட் ஸ்ட்ரீட் நெடுகச் சுமார் 2 லட்சம் பேர் தோளோடு தோள் உரசி நின்று பார்த்தார்கள்.

மூன்றே நாளில் நகரின் 31 மருத்துவமனைகளிலும் கட்டில் இல்லை. அக்டோபர் 3-ஆம் தேதி மூடும் உத்தரவு வந்தது. 10-ஆம் தேதி ஒரே நாளில் 759 பேர் செத்தார்கள். 36 உடல்களுக்கான நகரப் பிணவறையில் 200-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடந்தன. டிராம் வண்டி செய்யும் தொழிற்சாலை சவப்பெட்டி செய்தது. ஹோலி கிராஸ் கல்லறைத் தோட்டத்தில் நீராவி மண்வாரி இயந்திரத்தால் நீளப் பள்ளம் வெட்டினார்கள். குருமட மாணவர்கள் மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டினார்கள். தொலைபேசி நிலையத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் வேலைக்கு வரவில்லை. அவசரம் இல்லாமல் யாரும் அழைக்காதீர்கள் என்று கம்பெனியே விளம்பரம் கொடுத்தது. பேராயர் டோகர்ட்டி மடங்களின் கதவைத் திறந்துவிட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்க்க வெளியே வந்தார்கள். வெளியுலகத்தோடு பேச்சே வைத்துக்கொள்ளாத சபைகளைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பல வீடுகளுக்கு உள்ளே நுழைந்த முதல் அந்நியர் அவர்கள்தாம். ஆறு வாரத்தில் 12,000-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஊர்வலத்தின்மேல் மொத்தப் பழியையும் போடுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அன்று ஊர்வலம் இல்லாமல் இருந்திருந்தாலும் அதே 2 லட்சம் பேர் டிராமிலும் கப்பல் தளத்திலும் மதுக்கடையிலும் உரசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். 17-ஆம் தேதிக்கும் 3-ஆம் தேதிக்கும் நடுவே ஒன்றும் செய்யாமல் போன 16 நாட்கள்தாம் என் கண்ணை உறுத்துகின்றன. ஊர்வலம் அவற்றில் ஒரு நாள்.

செயின்ட் லூயிஸ்: பிணம் விழுமுன் பூட்டு

மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த செயின்ட் லூயிஸுக்கு நோய் பிந்தி வந்தது. நகரத்துக்குத் தெற்கே ஜெஃபர்சன் பாரக்ஸ் என்ற ராணுவ முகாமில் முதலில் புகுந்தது. சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் கிழக்குக் கரையிலிருந்து வந்த செய்திகளைப் படித்துக்கொண்டே இருந்தார். அக்டோபர் 5-ஆம் தேதி நகர மக்களிடையே முதல் நோயாளிகள். 7-ஆம் தேதி மேயர் ஹென்றி கீல் கையெழுத்தோடு உத்தரவு தயார். பள்ளி, திரையரங்கு, சினிமா, நடனக்கூடம், பில்லியர்ட்ஸ் கூடம், ஞாயிறு வகுப்பு, சங்கக் கூட்டம், பொது இறுதிச் சடங்கு எல்லாம் நின்றன. தேவாலயங்களும் மூடின, பேராயர் கிளென்னனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் இணங்கினார். போர்க்கடன் ஊர்வலம் இங்கும் நடக்க இருந்தது, நிறுத்திவிட்டார்கள். நகர நர்சுகள் வீடு வீடாகப் போனார்கள், செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பெண்கள் நோயாளிகளையும் கம்பளிகளையும் ஏற்றித் திரிந்தார்கள்.

உத்தரவின் உள்ளடக்கத்தை எடுத்துப் பார்த்தால் பிலடெல்பியாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. தேதியில்தான் வித்தியாசம். முதல் நோயாளிக்கும் பூட்டுக்கும் இடையே அங்கே 16 நாள், இங்கே 2 நாள். 2007-இல் இந்த நகரங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இந்த 14 நாள் இடைவெளியை வேறொரு அலகில் சொன்னார்கள்: நோய் மூன்று முதல் ஐந்து தடவை இரட்டிப்பாகும் காலம். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக நெல்மணி கேட்ட கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். மூன்று தடவை இரட்டித்தால் 8 மடங்கு, ஐந்து தடவை என்றால் 32 மடங்கு. பிலடெல்பியா பூட்டைத் தேடி எடுத்தபோது உள்ளே இருந்த நோயாளிக் கூட்டம் செயின்ட் லூயிஸைவிட அத்தனை மடங்கு பெரிது.

பலன்? மோசமான வாரத்தில், வழக்கத்துக்கு மேல் நிமோனியாவாலும் ஃப்ளூவாலும் செத்தவர்கள் பிலடெல்பியாவில் லட்சத்துக்கு 257 பேர். செயின்ட் லூயிஸில் 31. எட்டில் ஒரு பங்கு. கைபேசியில் சுற்றிய படத்தின் பனைமரமும் வரப்பும் இவைதாம்.

இங்கே கொஞ்சம் நின்று அந்த 31-ஐத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆய்வில் அது "கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது" கண்ட உச்சம். நவம்பர் நடுவில் பூட்டைத் திறந்த பிறகு நோய் மறுபடி ஏறியது. செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 28 வரை மொத்தமாகக் கூட்டினால் பிலடெல்பியா லட்சத்துக்கு 719, செயின்ட் லூயிஸ் 347. எட்டில் ஒரு பங்கு என்பது இரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பாதிச் சாவு குறைவது எந்த ஆணையருக்கும் பெரிய விஷயம்தான். ஆனால் எட்டு மடங்கு லாபம் என்று நம்பி நாற்காலியில் உட்கார்ந்தவர் டிசம்பரில் ஏமாந்து போவார்.

செயின்ட் லூயிஸுக்கு அதிர்ஷ்டமும் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. நோய் துறைமுகங்கள் வழியாக வந்து ரயிலேறி மேற்கே போனது. பிலடெல்பியாவின் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது ஸ்டார்க்லாஃப் தன் முதல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரூசனுக்குப் பார்த்துப் படிக்க பாஸ்டன் மட்டுமே இருந்தது. ஆனாலும் பாஸ்டன் போதும், அதைத்தான் அவர் படிக்கவில்லை.

நியூயார்க்: திறந்தே வை, நேரத்தை மாற்று

எனக்கு அதிகம் யோசிக்கக் கொடுத்த நகரம் இதுதான். ஏறக்குறைய 56 லட்சம் பேர், நாட்டின் ஆகப் பெரிய துறைமுகம், போர்க்களத்துக்குப் போய் வரும் கப்பல்கள். சாவு எண்ணிக்கை பயங்கரமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, 20,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆனால் ஆள் கணக்குக்கு வகுத்துப் பாருங்கள். 43 நகரங்களை ஒப்பிட்ட 2007-இன் மற்றோர் ஆய்வில் 24 வாரத்துக்கான மிகைச் சாவு, அதாவது வழக்கத்துக்கு மேல் விழுந்த சாவு, லட்சத்துக்கு: பிலடெல்பியா 748, பாஸ்டன் 710, நியூயார்க் 452, செயின்ட் லூயிஸ் 358. பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஊர், அதே செப்டம்பரில் அதே நோயைச் சந்தித்தது.

ஆணையர் ராயல் கோப்லேண்ட் ஹோமியோபதி படித்த கண் மருத்துவர். பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பின்னாளில் செனட்டர் ஆனார். அந்த அரசியல் நாக்கு அப்போதே இருந்தது, ஆரம்பத்தில் ஆபத்தைக் குறைத்துத்தான் பேசினார். ஆனால் கை வேறு வேலை செய்தது. செப்டம்பர் நடுவிலேயே இன்ஃப்ளூயன்சாவை மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கினார். தனி வீட்டிலோ நல்ல அடுக்ககத்திலோ நோயாளி இருந்தால் அங்கேயே தனிமை. நெரிசல் குடியிருப்பிலோ விடுதியிலோ இருந்தால் நகர மருத்துவமனைக்கு. இந்த ஒரு விதியைப் படித்தபோது மனிதருக்கு ஊர் தெரியும் என்று தோன்றியது.

அக்டோபர் தொடக்கத்தில் வேலை நேரங்களை மாற்றினார். அலுவலகம் ஒரு நேரம், ஆலை ஒரு நேரம், கடை ஒரு நேரம், திரையரங்குகளுக்கும் வேறு வேறு நேரம். நோக்கம் சுரங்க ரயிலின் காலை, மாலை நெரிசலைக் கலைப்பது. ரயிலை நிறுத்த முடியாது, அதில் ஒரே நேரத்தில் ஏறுகிறவர்களைக் குறைக்கலாம். காற்றோட்டமான திரையரங்குகள் ஓடலாம், புகை பிடிக்கக் கூடாது. இண்டு இடுக்குக் கொட்டகைகளுக்குப் பூட்டு. தெருவில் துப்பினால் அபராதம்.

பள்ளிகளைத் திறந்தே வைத்ததற்காக அவரைத் திட்டாதவர் இல்லை. அவர் சொன்ன காரணம் எளிமையானது: நகரத்தில் சுமார் 10 லட்சம் பள்ளிப் பிள்ளைகள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் இருட்டும் நெரிசலுமான குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள். பள்ளியை மூடினால் அந்தப் பிள்ளை போவது காற்றோட்டமான வகுப்பறையிலிருந்து, ஒரே அறையில் ஆறேழு பேர் படுத்திருக்கும் வீட்டுக்கு, அல்லது தெருவுக்கு. பள்ளியில் இருந்தால் தினமும் காலையில் டீச்சர் முகத்தைப் பார்ப்பார், காய்ச்சல் என்றால் நர்ஸ் வீடுவரை போவார். ஜோசஃபின் பேக்கர் என்ற மருத்துவர் குழந்தை நலப் பிரிவுக்குத் தலைவராக இருந்து, பல ஆண்டுகளாகப் பள்ளி நர்ஸ், மருத்துவப் பரிசோதனை என்று ஓர் ஏற்பாட்டையே கட்டி வைத்திருந்தார். நகரம் முழுதும் 150-க்கும் மேற்பட்ட அவசரச் சுகாதார மையங்கள் திறந்தன. ஹென்றி தெருவில் ஏழைகளுக்கான நர்ஸ் சேவையைத் தொடங்கிய லிலியன் வால்டு, சிதறிக் கிடந்த நர்சுகளை ஒரே குழுவின்கீழ் சேர்த்தார்.

இந்த வழியை இரவல் வாங்க நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. கோப்லேண்ட் "திறந்து வை" என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் அவருக்கு முன்னால் காசநோயோடு 20 ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டிய ஒரு சுகாதாரத் துறை அவருக்குக் கையில் கிடைத்தது. வீடு தேடிப் போகும் நர்ஸ், பள்ளி மருத்துவர், நோயாளிப் பதிவேடு எல்லாம் கொள்ளைநோய் வரும்போது செய்த ஏற்பாடுகள் இல்லை. அவை இல்லாத ஊரில் பள்ளியைத் திறந்து வைப்பது வெறும் பிடிவாதம்.

சான் பிரான்சிஸ்கோ: முகத்தில் ஒரு துணி

நாடகம் அதிகம், பாடம் குறைவு. சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லர், நம் ஊர்ச் சீதோஷ்ணத்துக்கு இந்த நோய் பலமாக வராது என்று நம்பினார். வந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி மூடினார்கள், அடுத்த வாரமே முகக்கவசம் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். கவசம் 99 சதவீதம் காக்கும் என்று செஞ்சிலுவைச் சங்கமும் மேயரும் சேர்ந்து பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். போடாதவர்களைப் பிடித்து அபராதம், சிறை. கவசம் போட மறுத்த ஒருவரோடு நடந்த தகராறு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. மேயர் ஜேம்ஸ் ரால்ஃபும் ஹாஸ்லருமே ஒரு குத்துச்சண்டைப் போட்டியில் கவசமில்லாமல் படம் பிடிக்கப்பட்டு அபராதம் கட்டினார்கள். மேயருக்கு 50 டாலர், அதிகாரிக்கு 5.

நவம்பர் 21-ஆம் தேதி நண்பகல் நகரமெங்கும் சங்கு ஊதியது. மக்கள் கவசத்தைக் கழற்றி நடைபாதையில் வீசினார்கள். ஜனவரியில் நோய் திரும்பியதும் மறுபடி சட்டம் வந்தது. இந்த முறை எதிர்த்து ஒரு சங்கமே தொடங்கிக் கூட்டம் கூட்டினார்கள். பிப்ரவரி முதல் தேதி சட்டம் போனது. மிகைச் சாவு லட்சத்துக்கு 673. அதே கரையில் முன்கூட்டியே மூடி, முகக்கவசத்தைச் சட்டமாக்காத லாஸ் ஏஞ்சலஸ் 494.

முகக்கவசமே வீண் என்பதற்கு இது சாட்சி ஆகாது. அன்றைய கவசம் கொசுவலையைவிடச் சற்று நெருக்கமான, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி. கலிஃபோர்னியா மாநிலச் சுகாதாரத் துறையின் வில்ஃபிரட் கெல்லாக் 1920-இல் அதைச் சோதித்து, கண்ணி இத்தனை தளர்வாக இருந்தால் பயனில்லை, நெருக்கினால் மூச்சு முட்டும் என்று எழுதினார். போதாததற்கு ஜனங்கள் காற்று வீசும் தெருவில் அதைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் கழற்றினார்கள். என் கவலை வேறு: 99 சதவீதம் என்று வாக்குக் கொடுத்த அதிகாரி, ஜனவரியில் திரும்ப வந்து நின்றபோது அவர் பேச்சை யார் நம்புவார்கள்?

தீவாக இருந்தால்

துறைமுகத்தையே அடைத்துவிடும் வழி ஒன்று உண்டு. அமெரிக்கன் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்தார், ஒருவரும் சாகவில்லை. பக்கத்திலேயே நியூசிலாந்து ஆட்சியில் இருந்த மேற்குச் சமோவாவில் 1918 நவம்பர் 7-ஆம் தேதி டாலூன் என்ற கப்பலை அனுமதித்தார்கள். மக்களில் ஐந்தில் ஒருவர், சுமார் 8,500 பேர், மாண்டார்கள். 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். ஆஸ்திரேலியா கடல்வழித் தனிமைப்படுத்தலால் நோயை 1919 தொடக்கம்வரை தள்ளிப்போட்டது. அந்தக் கண்டம் முழுதும் இழந்தது 12,000 முதல் 15,000 பேர். பிலடெல்பியா தனியாக ஓர் இலையுதிர் காலத்தில் இழந்ததற்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

சந்தேகமில்லாமல் இதுவே ஆகச் சிறந்த வழி. ஆனால் பத்து ரயில்பாதைகள் வந்து சேரும் ஊரின் ஆணையருக்கு இதைச் சொல்வது, கிணறு இல்லாதவனிடம் தினமும் நீச்சலடி என்று சொல்வதுபோல.

பம்பாயை வைத்துப் பார்த்தால்

இதே அக்டோபரில் பம்பாயில் என்ன நடந்தது என்பதை ஒதுக்கிவிட்டு முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜூனிலேயே துறைமுகக் காவலர்கள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள். செப்டம்பரில் கொடிய அலை. அக்டோபர் 6-ஆம் தேதி ஒரே நாளில் 768 சாவு. பிலடெல்பியாவின் மிக மோசமான நாளைவிட 9 கூடுதல், அதுவும் சுமார் 10 லட்சம் பேரே இருந்த ஊரில். நகராட்சிச் சுகாதார அதிகாரி ஜே. ஏ. டர்னர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதில் பெரும்பகுதி சாதி, சமூகச் சங்கங்களும் தொண்டர்களும்.

அந்த ஆண்டு ஃப்ளூவால் செத்தவர்கள் பம்பாயில் ஆயிரத்துக்கு: ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, மற்ற சாதி இந்துக்கள் 18.9, முஸ்லிம்கள் 19.2. அன்றைய பதிவேடு "தாழ்ந்த சாதியினர்" என்று எழுதிய மக்கள் 61.6. கணக்கிடும் முறை வேறு என்றாலும் இந்த எண்களை அமெரிக்க எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு 8.3 என்றால் லட்சத்துக்கு 830; அதாவது பம்பாயில் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரர் கிட்டத்தட்டப் பிலடெல்பியாக்காரர் செத்த அளவுக்குச் செத்தார். சால் என்ற நெரிசலான தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில் இருந்தவர் அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல். பஞ்சம் வேறு, அந்த ஆண்டு மழை பொய்த்துத் தானிய விலை ஏறியிருந்தது.

ஸ்டார்க்லாஃபின் உத்தரவை அப்படியே கொண்டுவந்து பம்பாயில் ஒட்டினால் என்ன ஆகியிருக்கும்? நாடகக் கொட்டகை மூடியிருக்கும், பள்ளி மூடியிருக்கும். சால் குடியிருப்பில் ஒரு குழாய்க்கும் ஒரு கக்கூஸுக்கும் வரிசையில் நின்றவர் எங்கே போவார்? வீட்டுக்குப் போ என்ற உத்தரவு வீடு இருக்கிறவருக்கானது. கோப்லேண்ட் நெரிசல் குடியிருப்பு நோயாளியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனதன் அருமை பம்பாயைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கையெழுத்து எதில்

செயின்ட் லூயிஸின் தேதி, நியூயார்க்கின் ஆட்கள். முதல் நோயாளி பதிவான இரண்டாம் நாளே பூட்டிவிடுவேன். நூறு பேர் படுக்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். திரையரங்குக்காரரும் வியாபாரிகளும் வாசலில் வந்து நிற்பார்கள், நிற்கட்டும். ஊர் பூட்டியிருக்கும் நாட்களை நர்சுகளைத் திரட்டவும், சமையலறைகளைத் திறக்கவும், நெரிசல் குடியிருப்பிலிருந்து நோயாளியை வெளியே எடுக்கவும் செலவழிப்பேன். பள்ளிகளின் விஷயத்தில் கையில் பள்ளி நர்ஸ் இருந்தால் நியூயார்க் பக்கம், இல்லாவிட்டால் செயின்ட் லூயிஸ் பக்கம். வேலை நேரத்தை மாற்றுவது காசு செலவில்லாத காரியம். அதை எந்த ஊரும் செய்யலாம், ஏன் இத்தனை குறைவான ஊர்கள் செய்தன என்பது எனக்கு விளங்கவேயில்லை. முகக்கவசத்தை நர்சுக்கும் நோயாளிக்கும் கொடுப்பேன், தெருவில் போகிறவரைப் பிடிக்கப் போலீஸை அனுப்ப மாட்டேன். எதற்கும் சதவீதம் சொல்லி வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எத்தனை நாள் என்பதற்கு எண்கள் தெளிவான விடை தரவில்லை. செயின்ட் லூயிஸில் கட்டுப்பாடுகள் மொத்தம் 143 நாள், நியூயார்க்கில் 73, பிலடெல்பியாவில் 51. கான்சாஸ் சிட்டியில் 170; ஆனாலும் அதன் சாவு விகிதம் செயின்ட் லூயிஸைவிட அதிகம். நாளை நீட்டினால் மட்டும் போதாது என்று தெரிகிறது, குறைத்தால் என்ன ஆகும் என்றும் தெரிகிறது. டென்வர் நவம்பரில் திறந்தது, நோய் ஏறியதும் மறுபடி மூட உத்தரவிட்டது, வியாபாரிகளின் எதிர்ப்பில் உடனே பின்வாங்கி முகக்கவசத்துக்கு மாறியது.

அதனால் எனக்குக் கடினமாகத் தெரிவது பூட்டிய அக்டோபர் 7 இல்லை. நவம்பர் 9-ஆம் தேதி ஸ்டார்க்லாஃப் இன்னும் ஒரு படி போய், அத்தியாவசியம் அல்லாத கடைகளையும் தொழில்களையும் நான்கு நாளுக்கு அடைத்தார். வியாபாரிகள் கொதித்தார்கள். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11, போர் முடிந்தது. கடைகள் எல்லாம் பூட்டிக்கிடந்த நகரத்தின் தெருக்களில் ஜனம் வெள்ளமாக இறங்கிக் கட்டிப்பிடித்து ஆடியது. அந்த வாரமே தடைகள் தளரத் தொடங்கின. நவம்பர் முடிவதற்குள் பிள்ளைகளிடம் நோய் ஏறிப் பள்ளிகளை மறுபடி அடைத்தார்கள். கடையைப் பூட்டச் சொல்லி என் கை எழுதியிருக்கும். நான்கு ஆண்டுப் போர் முடிந்த அன்று, மகன் உயிரோடு திரும்பி வரப் போகிறான் என்று தெருவுக்கு ஓடி வந்த ஒரு தாயை வீட்டுக்குள் போ என்று எழுதியிருக்குமா என்பதில் எனக்கு நிச்சயமில்லை.